வட்டம் முட்டையா வருதா? சிஎன்சி ரவுட்டரில் ஆக்சிஸ்கள் ஒத்துப்போகாதபோது எங்கே தேடுவது

"அண்ணா, வட்டம் போட்டா முட்டையா வருதுங்க, மோட்டாரை மாத்திடலாமா?" என்று போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். மாற்றாதே, முதலில் பேனாவால் ஒரு வட்டம் வரைந்து படம் அனுப்பு என்றேன். வந்த படத்தில் இருந்தது முட்டையே இல்லை, மேலேயும் கீழேயும் லேசாகத் தட்டையான வட்டம். ஒய் ஆக்சிஸில் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கில் ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத குட்டி ஸ்க்ரூ) லூஸ். ஆலன் கீயால் கால் சுற்று. வேலை முடிந்தது, மோட்டார் காசு மிச்சம்.

கோயம்புத்தூரில் என் ஷெட்டில் நானே கட்டிய சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்லும் பாதையில் மரம் வெட்டும் மெஷின்) ஒன்று நிற்கிறது. பூஜை அறைக் கதவு, பெயர்ப்பலகை, எம்டிஎஃப் ஜாலி என்று ஓடும். அதிலும் நண்பர்கள் மெஷின்களிலும் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எக்ஸ் (இடவலம்), ஒய் (முன்பின்), இசட் (மேல்கீழ்) மூன்று ஆக்சிஸ், ஒய்க்கு மட்டும் இரண்டு மோட்டார், மோட்டார் சுற்றுவதை நேர் நகர்வாக மாற்ற 1605 பால் ஸ்க்ரூ, ஆர்டுயினோ ஊனோ போர்டில் மெஷினை ஓட்டும் மென்பொருளாக ஜிஆர்பிஎல் 1.1 என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மைக்ரோஸ்டெப் 8 (மோட்டாரை ஓட்டும் டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரிக்கும்), ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும், ஆக 1600 ÷ 5 = மி.மீ.க்கு 320 ஸ்டெப். உங்களுடையது பெல்ட் என்றால் (ஜிடி2, 20 பல் புல்லி) சுற்றுக்கு 40 மி.மீ., அதே மைக்ரோஸ்டெப்பில் மி.மீ.க்கு 40 ஸ்டெப்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

வெட்டும் பிட்டைக் கழற்றிவிடுங்கள். டிரைவருக்குக் கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள், அந்த நொடியே டிரைவர் போய்விடலாம். அப்புறம் ஒரு பால்பாயிண்ட் ரீஃபிலைச் சின்ன ஸ்பிரிங்கோடு ஒரு குழாயில் போட்டு ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) உடம்போடு டேப் சுற்றிக் கட்டுங்கள், ஒரு பழைய எம்டிஎஃப் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, 100 மி.மீ. வட்டமும் அதைச் சுற்றி 120 மி.மீ. சதுரமும் வரையச் சொல்லுங்கள். இந்த ஒரு தாள் பாதி வேலையை முடித்துவிடும். பேனாவில் சரியாக வந்து மரத்தில் மட்டும் தப்பினால், வெட்டும் விசையிலோ ஸ்பிண்டில் ஓடும்போது வரும் மின் இரைச்சலிலோதான் கோளாறு. பேனாவிலேயே தப்பினால் பெரும்பாலும் மெக்கானிக்கல் அல்லது செட்டிங்.

இன்னொன்று: ஜிஆர்பிஎல்லுக்கு $$ என்று அடித்தால் வரும் செட்டிங் பட்டியலில் எந்த எண்ணையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். லூஸான ஸ்க்ரூவை எண்ணால் ஈடுகட்டப் போனவர்கள் (நானும்தான்) கடைசியில் ஸ்க்ரூவை இறுக்கியபின் எண்ணைத் தேடி அலைந்திருக்கிறோம்.

அறிகுறி 1: வட்டம் நிஜமாகவே முட்டை

முட்டை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பாருங்கள்.

*நீளம் 45 டிகிரி சாய்ந்து, மூலையை நோக்கி இருந்தால்:* எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. அறிகுறி 3-க்குப் போங்கள், இங்கே வேலை இல்லை.

*நீளம் எக்ஸ் வாக்கிலோ ஒய் வாக்கிலோ நேராக இருந்தால்:* ஏதோ ஒரு ஆக்சிஸ் சொன்ன தூரம் போகவில்லை. ஒன்று சரியாகவும் மற்றது சரியாகப் பாதியோ இரட்டிப்போ இருந்தால் டிரைவரின் பக்கத்தில் இருக்கும் குட்டி சுவிட்சைப் பாருங்கள், ஒரு டிரைவரில் மைக்ரோஸ்டெப் வேறாக இருக்கும். வித்தியாசம் ஓரிரு சதவீதம்தான் என்றால் அளந்து பார்க்க வேண்டும். முதலில் 10 மி.மீ. நகர்த்தி நிறுத்துங்கள், அதுதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து அதே திசையில் 200 மி.மீ. போகச் சொல்லி ஸ்டீல் ஸ்கேலில் அளக்க வேண்டும். திசை மாற்றி அளந்தால் ஆட்டமும் (பாகங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு) கணக்கில் சேர்ந்து உங்களை ஏமாற்றும்.

பெல்ட் மெஷினில் 200-க்கு 199.2 போனால், முதலில் பெல்ட் இறுக்கம், புல்லி கிரப் ஸ்க்ரூ இரண்டையும் பார்த்துவிட்டு, அப்புறமும் அதே அளவு வந்தால் எண்ணை மாற்றலாம்: 40 × 200 ÷ 199.2 = 40.16. எக்ஸுக்கு $100, ஒய்க்கு $101, இசட்டுக்கு $102.

பால் ஸ்க்ரூவில் இதே 0.8 மி.மீ. குறைந்தால் எண்ணைத் தொடவே கூடாது. நாம் வாங்கும் சாதாரண சி7 கிரேடு ஸ்க்ரூவுக்கே 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. தான் பிழை வரம்பு. அப்படியிருக்க 200-ல் 0.8 போகிறதென்றால் அது ஸ்க்ரூவின் தப்பில்லை, எங்கேயோ வழுக்குகிறது. 320-ஐ 320 ஆகவே விட்டுவிட்டு அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

அறிகுறி 2: வட்டத்தில் தட்டை, அல்லது குட்டிப் படி

கடிகாரத்தின் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில்தான் இது வரும். அங்கேதான் ஏதோ ஒரு ஆக்சிஸ் திசை மாறுகிறது. திரும்பும் நேரத்தில் ஸ்க்ரூ சுற்றும், ஆனால் ஆட்டத்தை விழுங்கி முடிக்கும்வரை கேன்ட்ரி (ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலம்) அசையாது, அதற்குள் மற்ற ஆக்சிஸ் ஒரு நேர்க்கோடு இழுத்துவிடும். தட்டை 12-லும் 6-லும் என்றால் ஒய்யில் ஆட்டம். 3-லும் 9-லும் என்றால் எக்ஸில்.

எவ்வளவு ஆட்டம் என்று பார்க்க டயல் கேஜ் வேண்டும், காந்த அடியோடு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலையில் அதைவிட உருப்படியாக உழைக்கும் கருவி கிடையாது. கேஜை ஸ்பிண்டில் பிளேட்டில் முட்டவைத்து ஒரு திசையில் 1 மி.மீ. நகர்த்தி முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். அதே திசையில் இன்னொரு 1 மி.மீ., அப்புறம் எதிர்த்திசையில் 1 மி.மீ. முள் பூஜ்யத்துக்கு வராமல் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுதான் ஆட்டம். மர வேலைக்கு 0.05 வரை நான் கவலைப்படமாட்டேன். 0.1 தாண்டினால் எழுத்து வெட்டும்போது கண்ணுக்கே தெரியும்.

தேட வேண்டிய வரிசை, காசு குறைந்ததிலிருந்து:

மோட்டார் பக்கக் கப்ளிங், ஸ்க்ரூ பக்கக் கப்ளிங் இரண்டிலும் கிரப் ஸ்க்ரூ. மோட்டார் ஷாஃப்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு கோடு உடைந்து தெரிந்தால் அங்கே வழுக்குகிறது என்று அர்த்தம். ஷாஃப்டில் தட்டையான பகுதி இருந்தால் ஸ்க்ரூ அதன்மேல்தான் உட்கார வேண்டும், உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்தால் எத்தனை இறுக்கினாலும் வழுக்கும்.

அடுத்து நட்டைக் கேன்ட்ரியோடு பிடிக்கும் பிராக்கெட் போல்ட்டுகள். அதன் பின் ஸ்க்ரூவின் ஃபிக்ஸட் முனையில் இருக்கும் பேரிங்கும் லாக் நட்டும். ஸ்க்ரூவின் தலையில் கேஜ் வைத்து கேன்ட்ரியை இரண்டு பக்கமும் கையால் தள்ளிப் பாருங்கள், ஸ்க்ரூ முன்பின் அசைந்தால் நட்டில் தேட வேண்டாம், பேரிங்தான். டி8 லீட் ஸ்க்ரூ என்றால் ஸ்பிரிங் வைத்த ஆன்டி பேக்லாஷ் (ஆட்டம் குறைக்கும்) நட்டின் பித்தளை தேய்ந்திருக்கலாம், விலை அதிகமில்லை, மாற்றிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் போகவில்லை என்றால் பால் நட் தேய்ந்திருக்கிறது. இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவிலிருந்து நட்டைச் சும்மா உருவினால் உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டி ஷெட் முழுக்க உருளும், எண்ணிப் பொறுக்கித் திரும்பப் போடுவது பழகிய கைக்கே எரிச்சலான வேலை. பால் ஸ்க்ரூ பார்க்கும் பட்டறையில் ஸ்க்ரூவோடு சேர்த்துக் கொடுங்கள்.

சாஃப்ட்வேரில் ஈடுகட்ட முடியாதா என்று கேட்பார்கள். மாக்3, லினக்ஸ் சிஎன்சி என்ற கன்ட்ரோல் மென்பொருள்கள் இரண்டிலும் பேக்லாஷ் ஈடு உண்டு, ஜிஆர்பிஎல் 1.1-ல் இல்லை. இருந்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பேனா வரையும்போது அழகாக இருக்கும், மரத்தில் பிட் கடிக்கும்போது அதே ஆட்டத்துக்குள் கேன்ட்ரியை முன்னும் பின்னும் இழுத்துவிடும்.

அறிகுறி 3: சதுரம் சாய்ந்து வருகிறது

மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட மூலைவிட்டம் அளப்பது நல்லது. 400 × 300 செவ்வகம் ஒன்றின் நான்கு மூலையிலும் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 500 வர வேண்டும். வித்தியாசத்தை 1.6-ஆல் வகுத்தால் 300 மி.மீ. பக்கத்தில் எவ்வளவு சாய்வு என்று வந்துவிடும். ஒன்று 500.8, மற்றது 499.2 என்றால் வித்தியாசம் 1.6, சாய்வு 1 மி.மீ.

*ஒவ்வொரு நாளும் சாய்வு வேறு வேறாக வருகிறது என்றால்:* ஒய்யின் இரண்டு மோட்டாரும் ஒன்றாகப் புறப்படவில்லை. மெஷின் அணைந்திருக்கும்போது யாரோ கேன்ட்ரியை ஒரு பக்கமாகத் தள்ளியிருப்பார்கள், எங்கள் வீட்டில் துடைக்கும்போது தள்ளுவார்கள். ஆன் செய்ததும் ஒவ்வொரு மோட்டாரும் தனக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையில் போய் ஒட்டிக்கொள்ளும். பால் ஸ்க்ரூவில் இந்தக் குதியால் வருவது மிகச் சின்ன வித்தியாசம், ஒரு முழு ஸ்டெப்பே 0.025 மி.மீ. தான். பெல்ட்டில் ஒரு முழு ஸ்டெப் 0.2 மி.மீ., அங்கே நன்றாகவே தெரியும். செலவில்லாத வழி: கேன்ட்ரியின் இரண்டு காலும் முட்டும்படி பின்னால் இரண்டு கட்டைகளைச் சரியாக அளந்து பொருத்திவிட்டு, ஆன் செய்யும் முன் கேன்ட்ரியைக் கட்டைகளில் அழுத்தி ஒட்டவைப்பது. கொஞ்சம் செலவு செய்தால், ஒவ்வொரு ஒய் மோட்டாருக்கும் தனி டிரைவர், தனி லிமிட் சுவிட்ச் (எல்லையில் முட்டினால் தெரிவிக்கும் சுவிட்ச்) வைத்து, ஹோமிங்கில் (தொடக்க இடத்தைத் தேடிப் போகும்போது) இரண்டையும் தனித்தனியாக நிறுத்தும் ஃபர்ம்வேருக்கு மாறலாம். ஜிஆர்பிஎல்ஹால், ஃப்ளூயிட்என்சி இரண்டும் இதைச் செய்யும்.

*எப்போதும் ஒரே அளவு சாய்வு என்றால்:* கேன்ட்ரியே கோணலாகப் பூட்டியிருக்கிறது. ஒரு பக்கக் கப்ளிங்கைத் தளர்த்தி, அந்தப் பக்க ஸ்க்ரூவைக் கையால் சுற்றிச் சரிசெய்து இறுக்குங்கள். 1 மி.மீ. சரிசெய்ய 5 மி.மீ. ஸ்க்ரூவில் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் 300-க்கு 1 என்பது கேன்ட்ரி முழு அகலத்துக்கு இன்னும் அதிகமாகும், 600 அகலம் என்றால் 2 மி.மீ. திருப்ப வேண்டும். திருப்பிய பிறகு கேன்ட்ரி இறுகிக்கொண்டு நகர மறுத்தால் வலுக்கட்டாயமாக ஓட்டாதீர்கள். இரண்டு ரெயிலும் இணையாக இல்லை, ரெயில் தளத்தை மில்லிங் செய்து தரும் ஆளிடம் போக வேண்டிய வேலை அது.

அறிகுறி 4: ஆரம்பம் சரி, போகப் போக நகர்ந்துவிடுகிறது

என்னை அதிகம் அழவைத்தது இதுதான். பாஸ் பாஸாக (அடுக்கடுக்காக ஆழம் கூட்டி) வெட்டும்போது ஓரம் படிக்கட்டாக வரும், அல்லது வேலை முடிந்து பூஜ்யத்துக்கு வரச் சொன்னால் 2 மி.மீ. தள்ளி நிற்கும்.

*முதல் கிளை: இசட் மட்டும் ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.* மோட்டாரை விடுங்கள், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலட்டைப் பாருங்கள். மேல்நோக்கிச் சீவும் பிட், காலட் சரியாகப் பிடிக்காவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பிட் தண்டில் காலட் விளிம்பை ஒட்டி மார்க்கர் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். காலட்டில் மரத்தூள் அடைத்திருந்தால் துடைத்தாலே போதும். பிட் அசையவில்லை, ஆனால் வேலைக்கு நடுவில் நிற்கும்போது இசட் தானாகக் கீழே இறங்குகிறது என்றால் $1-ஐ 255 ஆக்குங்கள், நிற்கும்போதும் மோட்டார் பிடித்துக்கொண்டிருக்கும். கனமான ஸ்பிண்டிலைப் பால் ஸ்க்ரூ தானாகத் தாங்கி நிற்காது.

*இரண்டாவது கிளை: வேகமாக ஓடும்போது மட்டும் நகர்கிறது.* "டுர்ர்" என்று ஒரு சத்தத்தோடு மோட்டார் நின்று திரும்ப ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதிகபட்ச வேகம் ($110, $111, $112), ஆக்சலரேஷன் ($120, $121, $122) இரண்டையும் பாதியாக்கி ஓட்டுங்கள். நகர்வது நின்றுவிட்டால் ஆக்சலரேஷனை மட்டும் பழையபடி ஏற்றுங்கள், எதில் விழுகிறது என்று பிரிந்துவிடும். வேகத்தில் விழுகிறது என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊனோவில் ஜிஆர்பிஎல் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப்தான் கொடுக்கும். 320 ஸ்டெப்பில் நிமிடத்துக்கு 5000 மி.மீ. போனால் நொடிக்கு 26,667, தாங்கும். அக்யூரசி கூடும் என்று மைக்ரோஸ்டெப்பை 16 ஆக்கியிருந்தால் 53,333, தாங்காது, 2800-ஐ ஒட்டியே முடிந்துவிடும். 8-க்கே திரும்புங்கள்.

அது சரியாக இருந்தால் ரெயிலில் தூசி, கிரீஸ் காய்ந்தது, அப்புறம் டிரைவரில் கரண்ட் சுவிட்ச் மோட்டாரின் ஸ்டிக்கரில் இருப்பதற்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசியாகத்தான் பவர் சப்ளை. நீமா 23 மோட்டாரை 24 வோல்ட்டில் ஓட்டினால் மெதுவாகப் போகும்போது திமிறும், வேகத்தில் பலம் செத்துவிடும். 36 வோல்ட்டுக்கு மாறினால் வித்தியாசம் தெரியும், டிரைவர் மேல் எழுதியிருக்கும் உச்ச வோல்ட்டேஜைப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

*மூன்றாவது கிளை: மெதுவாக, பிட் இல்லாமல், காற்றில் ஓட்டினாலும் நகர்கிறது.* இது பலம் பற்றாக்குறை இல்லை, சிக்னல். கண்டுபிடிப்பது எளிது. எக்ஸை 0-க்கும் 1-க்கும் இடையில் நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் 500 முறை போய்வரச் சொல்லிவிட்டு டயல் கேஜைப் பாருங்கள். அப்புறம் 0-லிருந்து 300 வரை நான்கே முறை போய்வரச் சொல்லுங்கள். நீண்ட ஓட்டத்தில் தப்பாமல் குட்டி ஓட்டத்தில் மட்டும் எப்போதும் ஒரே பக்கம் நகர்ந்தால், திசை மாறும்போதுதான் ஸ்டெப் தொலைகிறது.

எனக்கு இது ஒரு பெயர்ப்பலகையில் வந்தது. முதல் எழுத்து 'அ' கச்சிதம், கடைசி எழுத்து வரும்போது மொத்தமும் வலப்பக்கம் 2.5 மி.மீ. தள்ளியிருந்தது. மோட்டார், ஒயர், டிரைவர் எல்லாம் மாற்றிப் பார்த்து ஒரு வாரம் போனது. நடந்தது இதுதான்: ஜிஆர்பிஎல் திசை சிக்னலை மாற்றிய கையோடு ஸ்டெப் பல்ஸையும் விட்டுவிடுகிறது. டிஎம்542 மாதிரி டிரைவருக்கோ திசை மாறியபின் 5 மைக்ரோ நொடி அவகாசம் வேண்டும். ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் முதல் ஸ்டெப் பழைய திசையிலேயே விழுந்துவிடும், ஒரு போய்வரலுக்கு இரண்டு ஸ்டெப் நட்டம். 320 ஸ்டெப்பில் அது 0.00625 மி.மீ., யார் கண்ணுக்கும் தெரியாது. 400 முறை போய்வந்தால் 2.5 மி.மீ.

இதற்குக் காசே செலவில்லை. $2-ல் ஸ்டெப் பல்ஸைத் தலைகீழாக்குங்கள் (எக்ஸ் 1, ஒய் 2, இசட் 4, மூன்றுக்கும் சேர்த்து 7). பல்ஸ் முடியும் முனையில் டிரைவர் ஸ்டெப் எடுக்கும், $0 வழக்கமான 10-ல் இருந்தால் திசைக்கு அந்த 10 மைக்ரோ நொடி கிடைத்துவிடும். ஃப்ளூயிட்என்சியில் திசைக்கென்றே தாமத அமைப்பு உண்டு, அதில் 5-க்கு மேல் கொடுத்தால் போதும். மாற்றியபின் அதே 500 போய்வரலைத் திரும்ப ஓட்டுங்கள். ஏற்கெனவே சரியாக ஓடும் மெஷினில் $2-ஐத் தொடாதீர்கள், நல்லதைக் கெடுத்துக்கொள்வீர்கள்.

500 முறையும் தப்பாமல், நீண்ட ஓட்டத்தில் ஏதோ ஒரு இடத்தில் மட்டும் தப்பினால் கேபிள் செயினுக்குள் ஒரு ஒயர் அறுந்து தொட்டும் தொடாமலும் இருக்கிறது. பவரை அணைத்துவிட்டு, டிரைவர் பக்கத்தில் அந்த மோட்டார் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு செயினை வளைத்து வளைத்துப் பாருங்கள்.

அறிகுறி 5: வளைவில் விக்குகிறது, அல்லது ஊர்ந்து போகிறது

விக்கினால் பெரும்பாலும் ஃபைல்தான் காரணம். கேம் சாஃப்ட்வேர் (டிசைனை மெஷின் போகும் பாதையாக மாற்றுவது) வளைவை 0.05 மி.மீ. துண்டுகளாக நறுக்கித் தள்ளியிருக்கும். ஜிஆர்பிஎல் 16 வரிதான் முன்னால் பார்க்கும், ஆக அதற்குத் தெரிவது 0.8 மி.மீ. தூரம். அதற்குள் நிற்க முடியுமா என்று யோசித்தே பயந்து பயந்து போகும். கேமில் டாலரன்ஸைக் கொஞ்சம் தளர்த்துங்கள், வளைவுகளை ஜி2, ஜி3 (வில்லாக ஓடச் சொல்லும் கட்டளைகள்) ஆக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியபின் எரர் 33 வந்தால் தசமத்துக்குப் பின் இலக்கம் போதவில்லை, நான்காக்குங்கள்.

3டி கார்விங்கில் மட்டும் எல்லாமே ஊர்ந்தால் அது கோளாறே இல்லை. மூன்று ஆக்சிஸும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால் மிக மெதுவான ஆளுக்காக மற்ற இருவரும் காத்திருக்கிறார்கள். $112-ம் $122-ம் ரொம்பக் குறைவாக இருக்கும், இசட் ஸ்டெப் விடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

மூலைகள் உருண்டு வந்தால்: மாக்3, லினக்ஸ் சிஎன்சியில் அது வேகத்துக்காக வேண்டுமென்றே மழுக்குவது, லினக்ஸ் சிஎன்சி என்றால் ஜி64 பி0.02 என்று வரம்பு கொடுங்கள். ஜிஆர்பிஎல் அப்படி மழுக்காது, அதில் உருண்டால் அறிகுறி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி 6: ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் கிறுக்குப் பிடிக்கிறது

ஒன்றும் முட்டாமலே அலாரம் 1 (லிமிட் சுவிட்ச் முட்டியது என்ற எச்சரிக்கை) வரும், யுஎஸ்பி அறுந்துபோகும், சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு ஸ்டெப் கூடும். ஸ்பிண்டில் ஒயரையும் லிமிட் சுவிட்ச் ஒயரையும் ஒரே செயினில் கட்டியிருந்தால் முதலில் பிரியுங்கள். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள், லிமிட் சுவிட்ச் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்ப்பது, லிமிட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், குட்டையான யுஎஸ்பி கேபிள், இந்த வரிசையில் போங்கள்.

இதற்கு மேல் போகாதீர்கள். ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்குக் கரண்ட் பல நிமிடம் நிற்கும். ஷெட்டுக்கு வரும் எர்த் சரியா என்று பார்ப்பதும், ஸ்பிண்டில் உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்பதும் எலக்ட்ரீஷியன் வேலை, அதுவும் அன்றைக்கே.

யாரிடம் மெஷினைக் கொடுத்தாலும் அந்தப் பேனாத் தாளையும் டயல் கேஜ் அளவுகளையும் சேர்த்துக் கொடுங்கள், அப்புறம் $$ பட்டியலை முதலில் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு பட்டறையில் என் கன்ட்ரோலர் போர்டை மாற்றித் திருப்பிக் கொடுத்தபோது பழைய எண் ஒன்றுகூட என்னிடம் இல்லை, மறுபடி 320-லிருந்து ஆரம்பித்தேன்.